தாழிக்குச் சொன்னது

எங்கள் சிர்வா மலையில் நம்ப முடியாத சேதி ஏதாவது காதில் விழுந்தால் யாரும் "அப்படியா!" என்று வாயைப் பிளப்பதில்லை. "என்ன, இஜ்ஜா வீட்டுத் தாழி மக்கர் பண்ணுதா?" என்றுதான் கேட்பார்கள். ஏழெட்டு ஊருக்கு நீலச் சாயத் தாழி இருப்பது அந்த ஒரு வீட்டில். அது சரியாகப் பிடிக்காமல் முரண்டு செய்தால், அதன் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய பொய்யாக ஒன்று சொல்ல வேண்டும். பொய் வீட்டைத் தாண்டி ஊருக்குள் போக வேண்டும். அது ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் தாழி பிடித்துவிடும். ஏன் அப்படி என்று எங்களைக் கேட்காதீர்கள். தண்ணீர் ஏன் பள்ளத்துக்கு ஓடுகிறது என்று நாங்கள் யாரையாவது கேட்டோமா?

முப்பத்துமூன்று வருஷமாகப் பொய் சொல்லிச் சொல்லி இஜ்ஜாவுக்கு அலுத்துவிட்டது. பொய் மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லாமே அலுத்துவிட்டது.

மற்ற நிறங்களுக்கு இந்தப் பாடு கிடையாது. மஞ்சிட்டி வேரை இடித்துப் போட்டு, படிகாரத்தில் ஊறிய நூலை அதில் கொதிக்கவிட்டால் சிவப்பு. மாதுளைத் தோட்டில் மஞ்சள். அக்ரூட் பட்டையில் பழுப்பு. அடுப்பு மூட்டத் தெரிந்த எவளும் செய்யலாம், செய்கிறார்கள். நீலம் அப்படி அடங்குகிற ஜாதி இல்லை. அவுரிக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் அது பாட்டுக்குக் கல் மாதிரி கிடக்கும். பேரீச்சம்பழம், தவிடு, மஞ்சிட்டித் தூள், சாம்பல் தெளிவு எல்லாம் சேர்த்து, தொழுவத்து மூலையில் கழுத்தளவு சாணக் குப்பைக்குள் புதைத்த தாழியில் நாள் கணக்கில் புளிக்க வைக்க வேண்டும். குப்பையின் சூடு குறைந்தால் செத்துப்போகும், கூடினால் அழுகிப்போகும். கைப்பிள்ளையைப் போல ராத்திரியில் இரண்டு தடவை மூன்று தடவை எழுந்து தொட்டுப் பார்க்க வேண்டும். பிடித்தால் மேலே செம்புத் தகடு மாதிரி ஓர் ஆடை படியும், நடுவில் நீல நுரை பூவாகக் கட்டும். அதில் முக்கின நூல் இளம்பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். பிடிக்காவிட்டால் கழுநீர்தான். முக்குகிற நூலும் கழுநீரில் முக்கின மாதிரியே வரும்.

இஜ்ஜா பதினாறு வயதில் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தாள். கணவன் பிஹி காஸாபிளாங்காவில் மளிகைக் கடை வைத்திருந்தான். வருஷத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருவான், மீதி மாதம் கடையில் படுப்பான். இருபத்தாறு வயதில் மாமியார் செத்தாள். தாழி யார் பொறுப்பு என்று யாரும் பேசவே இல்லை. மய்யத்தை அடக்கிவிட்டு வந்த அன்றே குப்பை ஆறிப்போயிருக்கிறதே என்று இவள் போய்ச் சாணம் அள்ளிப் போட்டாள். அவ்வளவுதான், தலையில் விடிந்தது. அன்று பிடித்து ஒவ்வொரு வருஷமும் பாதாம் உதிர்ந்த கையோடு ஊரே நூலைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வரும். அவள் கை முழங்கை வரை நீலம். அந்த நீலம் அடுத்த வசந்தம் வரை போகாது.

அவள் சொன்ன பொய்களைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? பள்ளிவாசல் ஃபகீஹ் சீ லஹ்சென் தாஸ்னக்த் ஊரில் ரகசியமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார் என்று ஒரு வருஷம் சொன்னாள். தொழுகை வைக்கிற மனுஷனை அவர் மனைவி தஹ்ரா ரொட்டிக் கட்டையால் விரட்டி, அவர் இரண்டு நாள் பள்ளிவாசலிலேயே படுத்தார். இன்னொரு வருஷம், வெளிநாட்டான் ஒருவன் சிர்வா உச்சிப் பனியை விலைபேசிவிட்டான், லாரி லாரியாக அள்ளப்போகிறான் என்றாள். இரண்டு பேர் கூலி வேலை கிடைக்கும் என்று மண்வெட்டியைத் தீட்டி வைத்தார்கள். லாரி ஓட்டுகிற ஹம்முவின் கோவேறு கழுதை குட்டி போட்டது என்று சொன்ன வருஷம் மூன்று ஊரில் இருந்து ஆட்கள் நடந்தே பார்க்க வந்தார்கள். அந்த வருஷத்து நீலம்போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இஜ்ஜாவின் புளுகுக்கு நூல் காயும் வரைதான் ஆயுள். காய்ந்ததும் மொட்டை மாடியில் ஏறி, "தாழிக்குச் சொன்னதுதான், மனசுல வச்சுக்காதீங்க!" என்று கத்துவாள். யார் தலை உருண்டதோ அவர்கள் வீட்டுக்கு ஒரு சிட்டம் நீல நூல் போகும். தாழிக்குச் சொல்கிற பொய்யில் பாவம் இல்லை என்று ஃபகீஹே ஒப்புக்கொண்டதாக ஊரில் பேச்சு. அதுவும் தாழிக்குச் சொன்ன பொய்யாக இருக்கலாம்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. உண்மைக்குத் தாழி பிடிக்காது. மாமியார் காலத்தில் ஒருமுறை, அலியின் காளை பள்ளத்தில் விழுந்து செத்துவிட்டது என்று கிழவி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். இரண்டு நாளாகியும் தாழி அசையவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் காளை பள்ளத்தில் செத்து நாறிக் கிடக்கிறது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னது மெய்யாகிவிட்டது, தாழி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பெண்களுக்குத் தாழியின் மேல் ஒரு பயம். இன்னொரு கண்டிப்பு, ஒரு பொய் ஒரு தடவைதான் எடுபடும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முப்பத்துமூன்று புதுப் பொய் யாரால் முடியும்? சுமக்கிற தண்ணீரும் அள்ளுகிற சாணமும் ஒரு பாரம் என்றால், பாதாம் உதிர ஆரம்பித்ததும் "இந்த வருஷம் எதைச் சொல்ல?" என்று மண்டைக்குள் குடைகிற பாரம் அதைவிடப் பெரிது.

போன வசந்தத்தில் மகள் ஸயினாவுக்கு மூன்றாம் பிரசவம் என்று இஜ்ஜா அகாதிர் போனாள். பன்னிரண்டு நாள் இருந்தாள். மகள் வீட்டு மாடியில் ஓர் அறை, அறைக்கு வெளியே ஒரு குழாய். முதல் நாள் படுத்தவள் எழுந்தபோது வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. யாரும் எழுப்பவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பிள்ளை குளிப்பாட்டி முடிந்திருந்தது, தண்ணீர் குழாயில் வந்துகொண்டிருந்தது. இஜ்ஜா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். தூக்கம் என்றால் இப்படி இருக்கும் என்று ஐம்பத்தொன்பது வயது வரை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அழுதாள்.

ஊர் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். இந்த இலையுதிர்காலத்தோடு சரி. பிஹி செத்து நாலு வருஷமாகிறது, கேட்க ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. ஸயினாவும் "வந்துரும்மா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள், இவளுக்கு அது போதும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் நினைத்த மாத்திரத்தில் மூட்டை கட்டிவிட முடியாது. ஊரை விட்டுப் போகிறவர் வீடு வீடாக ஏறி, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதைப் பொறுத்துக்கங்க" என்று கேட்க வேண்டும். "பொறுத்தோம், அல்லாவும் பொறுக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். அது கிடைக்காமல் போனவருக்குப் போன இடத்தில் நெஞ்சு அடங்காது. இஜ்ஜாவுக்கோ பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க மற்றவர்களைவிட முப்பத்துமூன்று காரணம் கூடுதலாக இருந்தது. அது இல்லாமல் லாரியில் ஏற மாட்டாள். ஏற அவளுக்குத் தைரியம் இல்லை.

முதலில் பிஹியின் தங்கை கெப்பூராவிடம்தான் சொன்னாள். இரண்டு பேரும் ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கெப்பூரா, மாட்டை நீ ஓட்டிக்கோ. நான் ஸயினாகிட்டப் போயிரப் போறேன்."

"எத்தனை நாளைக்கு மதினி?"

"ஒரேயடியா."

கெப்பூரா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாழியே இன்னும் வைக்கலை, அதுக்குள்ள ஒத்திகையா? நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கோ."

லாரிக்கார ஹம்முவிடம் முன் இருக்கையில் இடம் கேட்டாள். "லல்லா இஜ்ஜா, என் கோவேறு கழுதை போட்ட குட்டி இருக்குல்ல? அது மேல ஏத்தி அனுப்புறேன், அகாதிருக்கு அதான் சீக்கிரம் போவும்" என்றான். ஃபகீஹ் வீட்டுக்குப் போய், பொறுத்துக்கொள்ளச் சொல்லி தஹ்ராவிடம் கேட்டாள். தஹ்ரா இடுப்பில் கை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி என் சக்களத்தி தாஸ்னக்த்துல எந்தத் தெருவுல இருக்கான்னு சொல்லிட்டுப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மாதமாகச் சொன்னாள். நல்லதனமாகச் சொன்னாள், அலுத்துக்கொண்டு சொன்னாள், ஒருநாள் குரல் தழுதழுக்கச் சொன்னாள். தழுதழுத்ததற்குத்தான் பாராட்டு அதிகம் கிடைத்தது.

அதற்குள் பாதாம் உதிர்ந்துவிட்டது. நூல் வந்து குவிந்தது. பக்கத்து வீட்டு ரகியா மட்டும் இருபது சிட்டம் கொண்டுவந்தாள். குங்குமப்பூ பறித்து முடிந்ததும் அவள் மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் போர்வைக்குத் தறி பூட்டி, சிவப்பும் மஞ்சளும் தயாராக வைத்து, நீலத்துக்காகக் காத்திருக்கிறாள். இஜ்ஜாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு தாழியை வைத்தாள். ஏழாம் நாள் சந்தை லாரி. அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

தாழி பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் புளித்த வாசனைகூட வரவில்லை. மூன்றாம் நாள் புதுச் சாணம் போட்டாள், மாட்டுச் சிறுநீர் ஊற்றினாள், ஒரு பிடி பேரீச்சை பிசைந்து விட்டாள். கோலால் துழாவினால் சேற்றுக் குட்டையைத் துழாவுவது மாதிரி இருந்தது. தோள் விட்டுப்போயிற்று.

நாலாம் நாள் காலையில் ஐந்தாறு பெண்கள் தொழுவத்துக்கு வந்து தாழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லு லல்லா" என்றாள் ரகியா. "நல்லதா ஒண்ணு சொல்லு. போர்வையை நெய்யணும்ல."

"எனக்கு ஒண்ணும் வரலடி."

"வரும், வரும். ஃபகீஹ் தலையை இன்னொரு தடவை உருட்டேன்."

"உருட்டினதை உருட்டினா ஆகாது."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். யோசித்துப் பார்த்தாள். மலை, மழை, அரசாங்கம், ஆடு, மாப்பிள்ளை, பேய் என்று எல்லாம் எப்போதோ சொல்லி முடித்தாகிவிட்டது. மண்டை வற்றின கிணறாக இருந்தது. வாளியைப் போட்டால் கல்லில்தான் முட்டியது. கண்ணை மூடியவாறே சொன்னாள்:

"வர்ற சந்தை லாரியில நான் ஊரை விட்டுப் போறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. யார் மேலயும் கோவம் இல்ல. எனக்கு அலுத்துப்போச்சு. இனி வரமாட்டேன்."

 கெப்பூரா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மற்றவர்களும் குலவையிட்டார்கள். "அல்லாவே, கண்ணை மூடிக்கிட்டுல்ல சொன்னா!" என்று ஒருத்தி மெச்சினாள். எல்லோரும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, சேதியைச் சுமந்துகொண்டு நாலு திக்கிலும் ஓடினார்கள். மத்தியானத்துக்குள் அது களத்துமேடு, ஊற்று, மாவு ஆலை எல்லாம் போய்விட்டது. பள்ளிவாசல் வாசலில் சீ லஹ்சென் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். "இந்த வருஷம் சரக்கு கொஞ்சம் மட்டம். என் கல்யாணத்துக்குப் பக்கத்துலகூட வராது."

ஐந்தாம் நாள் தாழி அப்படியே இருந்தது.

ரகியா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பொய் பெருசா இல்லையோ?" என்றாள். ஃபகீஹ் சொன்னதையும் சொன்னாள்.  எல்லோரும் போன பிறகு இஜ்ஜா தனியாக மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்புத் தண்ணீர், ஆடையில்லை, நுரையில்லை. அதைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் ஏதோ இறங்கியது. இந்த ஒரு மாதமாக ஊர் நம்பவில்லை என்று புலம்பினாளே தவிர, தன்னைத் தானே நம்பினாளா என்பது அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. போறேன் போறேன் என்பவர்கள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? இப்போது தாழி சொல்லிவிட்டது. நான் நிசமாகவே போகிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பயமாகவும் இருந்தது, உடம்பு லேசாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் கெப்பூரா வந்தாள். தொழுவத்துக்குப் போகவில்லை, நேராக வீட்டுக்குள் வந்தாள். பரணில் இருந்த பாத்திரங்கள் இறங்கியிருந்தன. மூலையில் ஒரு மூட்டை பாதி கட்டிக் கிடந்தது. கெப்பூரா நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலி காளை செத்த மாதிரிதானே இதுவும்?"

இஜ்ஜா தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"நெசமாத்தான் போறியா மதினி?"

"ஒரு மாசமா நான் வேற என்னடி சொல்லிட்டிருக்கேன்?"

"ஸயினாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா."

"உனக்கு?"

"முட்டி வலி. அது பத்து வருஷமா இருக்கு."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லு, யாருன்னு சொல்லு."

"யாரும் ஒண்ணும் சொல்லல. அலுப்பா இருக்கு கெப்பூரா. அவ்வளவுதான்."

கெப்பூராவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாவு என்றாலோ சண்டை என்றாலோ அவளுக்குப் புரிந்திருக்கும். "அலுப்பு! யாருக்கு இல்ல அலுப்பு? எனக்கு இல்லையா? மலை ஏறி விறகு சுமந்து சுமந்து என் முதுகு எப்படி வளைஞ்சிருக்குன்னு பாத்தியா? அலுப்பா இருக்குன்னு ஆளாளுக்குக் கிளம்பினா இந்த ஊர்ல ஆடு மட்டும்தான் மிஞ்சும்!"

"ஆடும் அலுத்துப்போய்த்தான் நிக்குது. அதுக்கு அகாதிர்ல மக இல்ல."

கெப்பூரா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. தலைத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணன் செத்தன்னைக்குக்கூட நீ போறேன்னு சொல்லலையே."

"அன்னைக்குத் தாழி புளிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் இஜ்ஜா. "ரெண்டு பேரு என்னைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க, எனக்கு நெனப்பெல்லாம் குப்பை ஆறிப்போகுமேன்னு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். குடித்து முடித்ததும் கெப்பூரா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பொறுத்தேன் மதினி. என் பங்குக்கு நான் பொறுத்துட்டேன். அல்லாவும் பொறுக்கட்டும்." பிறகு, "மாட்டைக் காலைல ஓட்டிக்கிறேன். தாழியையும் நான் எடுத்துக்கிறேன். உன்னைவிட எனக்குப் பொய் நல்லா வரும்" என்றாள்.

"அது ஊருக்கே தெரியும்."

ஆறாம் நாள் ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது. தாழி பிடிக்கவில்லை, அப்படியென்றால் அவள் சொன்னது உண்மை. எங்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. காலையில் இருந்து வீட்டுக்கு வீடு அவள் ஏறி இறங்கினாள். சொன்ன பொய்யை எல்லாம் அவள் மறந்திருந்தாலும் அவர்கள் மறக்கவில்லை. பனி அள்ளப் போவதற்காக மண்வெட்டி தீட்டின ஆள், "அன்னைக்குத் தீட்டினது இன்னும் மழுங்கல, நல்லா இரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஹம்மு முன் இருக்கையை அவளுக்கு ஒதுக்கினான். கழுதைக் குட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை, அதிலிருந்தே அவன் எவ்வளவு வருத்தப்பட்டான் என்று தெரிந்தது. தஹ்ராதான் கடைசி. கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அந்த ரெண்டு நாளு" என்றாள் தஹ்ரா, "அவரு பள்ளிவாசல்ல படுத்திருந்தப்ப, வீட்ல நான் ஒருத்தி மட்டும். கல்யாணம் கட்டி வந்ததுலருந்து அன்னைக்குத்தான் காலை நீட்டி உக்காந்தேன். அதுக்கு உன்கிட்ட நன்றி சொல்லணும்னு இருந்தேன். சொல்லலை." அவள் கதவை முழுதாகத் திறந்தாள். "பொறுத்தேன், போ. ரொட்டி சாப்ட்டுட்டுப் போ."

ஏழாம் நாள் காலை. மாடு போய்விட்டதால் தொழுவம் வெறிச்சென்று இருந்தது. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தாழியைத் திறந்து பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர்தான். கெப்பூரா தன் வீட்டுத் தொழுவத்தில் இருந்து ஆவி பறக்கும் சாணம் கூடை கூடையாகக் கொண்டுவந்து சுற்றி அணைத்திருந்தாள். அப்படியும் ஒன்றும் இல்லை. ரகியா தன் இருபது சிட்டத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரைவிட்டுப் போகிறவளிடம் கடைசியாக ஒரு பொய் கேட்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. நூல் நாசமாகப் போகட்டும், போர்வை சிவப்பும் மஞ்சளுமாகவே இருக்கட்டும் என்று முந்தின நாளே மகளிடம் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். கெப்பூரா மூட்டையை இறுக்கிக் கட்டினாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"மறுபடி வருவியா மதினி?"

தாழியை நினைத்து அவள் கேட்கவில்லை. அங்கிருந்த யாருக்கும் அந்த நேரத்தில் தாழி ஞாபகத்தில் இல்லை.

இஜ்ஜா அவர்களைப் பார்த்தாள். நேற்றெல்லாம் பொறுத்தோம் பொறுத்தோம் என்று கேட்டுக் கேட்டு அவள் மனசு இளகிப்போயிருந்தது. இனி வரமாட்டேன் என்று அன்று சொன்னது எவ்வளவு கல்நெஞ்சாகச் சொன்னது என்று இப்போதுதான் உறைத்தது.

"வருவேன்" என்றாள். "ஏன் வராம? பாதாம் பூக்கிறப்ப வந்துருவேன். பத்து நாளாச்சும் உன் வீட்ல இருந்துட்டுத்தான் போவேன். நீ தாழியை என்ன பாடு படுத்துறன்னு பாக்க வேணாமா?"

மனசாரச் சொன்னாள். லாரியில் இருந்து இறங்குவதும், மேட்டில் பாதாம் வெள்ளையும் ரோஜாவுமாகப் பூத்து நிற்பதும், கெப்பூரா ஓடி வருவதும் அவள் கண்ணுக்கே தெரிந்தது. பெண்கள் முகம் மலர்ந்துவிட்டது. ஒருத்தி வெளியே ஓடிப்போய், "பாதாம் பூக்கிறப்ப வர்றாளாம்!" என்று தஹ்ரா வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினாள். அங்கிருந்து அது அடுத்த மாடிக்கும் அதற்கடுத்த மாடிக்கும் போயிற்று. குங்குமப்பூ போட்ட தேநீர் ஊற்றினார்கள். பார்லி ரொட்டியை எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டார்கள். போகிற வீடு மாதிரியே இல்லை, விருந்து வீடு மாதிரி இருந்தது.

கீழே வளைவில் ஹம்முவின் லாரி ஹார்ன் அடித்தது. ரகியா தன் நூலைத் தொழுவத்தில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்து போனாள். போனவள் திரும்பவில்லை. சற்றுப் பொறுத்து அவள் குரல் கேட்டது, கூவல் இல்லை, சின்னக் குரல்.

"கெப்பூரா... இங்க வாயேன்."

எல்லோரும் போனார்கள். மூடி திறந்திருந்தது. தாழியின் இந்த விளிம்பில் இருந்து அந்த விளிம்பு வரை செம்பு நிறத்தில் ஆடை படிந்திருந்தது. நடுவில் நீல நுரை ஒரு கைப்பிடிக்குப் பூத்திருந்தது.

யாரும் குலவையிடவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவும் இல்லை.

 இஜ்ஜா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ரகியாவின் கையில் இருந்து ஒரு சிட்டத்தை எடுத்து நனைத்து, ஆடையை ஒதுக்கி உள்ளே முக்கினாள். மெல்ல அமுக்கி, மனசுக்குள் எண்ணி, வெளியே எடுத்தாள். நூல் இளம் பார்லிப் பயிர் மாதிரி பச்சையாக இருந்தது. அவள் கையிலேயே ஓரத்தில் இருந்து நீலமாகிக்கொண்டு வந்தது. கழுதை குட்டி போட்ட வருஷத்தை அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கெப்பூரா அதை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"நல்லா வந்திருக்கு மதினி."

"ஆமா" என்றாள் இஜ்ஜா. "சீக்கிரமா மத்ததையும் முக்கிருங்க. சூடு ஆறவிடாதீங்க."

லாரி இரண்டாம் முறை ஹார்ன் அடித்தது. கெப்பூரா நூலை ரகியாவிடம் கொடுத்துவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள். வளைவு வரைக்கும் எல்லோரும் நடந்தார்கள். இஜ்ஜா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து, பார்த்துப் போ என்றார்கள், ஸயினாவைக் கேட்டதாகச் சொல் என்றார்கள், முட்டிக்கு எண்ணெய் போடு, நல்லாத் தூங்கு என்றார்கள். பாதாம் பூக்கும்போது வா என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை.